எதிர்பாராத செலவுகள், தேதி வாரியாக

மகளுக்கு வேதியியல் படிப்பில் இடம் கிடைத்துவிட்டது என்று கடிதம் வந்தபோது, பெரியக்கா ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் உப்பில்லாத சாப்பாட்டுத் தட்டுகளையும் சர்க்கரையில்லாத சாப்பாட்டுத் தட்டுகளையும் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். நானூற்றுப் பத்துக் கட்டில், மூன்று வேளை. பத்தொன்பது வருடமாக அந்தச் சமையல்கட்டு அவள் பொறுப்பு. தலைக்கு இவ்வளவு என்று மேலிடம் அளந்து கொடுக்கும் தொகையை அவள் ஒரு மாதம்கூடத் தாண்டியதில்லை. ஒரு நோயாளிகூடத் தட்டு வராமல் தூங்கியதுமில்லை. அங்கே வேலை செய்கிற எல்லாருக்கும், அவளைவிட மூத்தவர்களுக்கும்கூட, அவள் பெரியக்காதான்.

மகள் கடிதத்தை ஃபோனில் வாசித்தாள். முதல் வரியில் வாழ்த்து. இரண்டாம் வரியில், இடம் பதினெட்டு நாள் மட்டுமே காத்திருக்கும் என்ற செய்தி. அதற்குள் 'குடும்ப நிதித் தயார்நிலைத் திட்டம்' ஒன்றைத் தயாரித்து, கல்லூரியின் நிதித் திட்டமிடல் வழிகாட்டு மையத்தில் ஒப்புதல் பெற வேண்டும் என்றது மூன்றாம் வரி. கட்டணம் எவ்வளவு என்று எங்கும் இல்லை. பின்பக்கம் திருப்பிப் பார்க்கச் சொன்னாள் பெரியக்கா. பின்பக்கத்தில் மைய இயக்குநரின் புகைப்படம் இருந்தது. சிரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பெரியக்காவும் கணவரும் கல்லூரிக்குப் போனார்கள். கணவர் பெயிண்டர். இரண்டு வருடத்துக்கு முன் சாரம் சரிந்து விழுந்ததிலிருந்து இடது கை தோளுக்கு மேலே எழும்பாது. வாசலில் நின்றவர் வேதியியல் துறையைக் காட்டினார். அது தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. வழிகாட்டு மையத்தைக் காட்ட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. நான்கு மாடி, முழுக்கக் கண்ணாடி, நடுவில் ஒரு செயற்கை நீரூற்று. கண் தெரியாதவரும் சத்தத்தை வைத்துப் போய்ச் சேர்ந்துவிடலாம்.

கவுன்ட்டர் எழுத்தரிடம் கட்டணம் எவ்வளவு என்று பெரியக்கா கேட்டாள். பத்து வருட உத்தியோகத்தில் இப்படியொரு கேள்வியைக் கேட்டதே இல்லை என்பதுபோல் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"திட்டம் குடுங்கம்மா. ஒப்புதல் ஆனதும் கட்டணம் சொல்லுவோம்."

"கட்டணம் தெரியாம எப்படி சார் திட்டம் போடுறது?"

"கட்டணம் தெரிஞ்சா அப்புறம் திட்டம் எதுக்கு?" என்றார் எழுத்தர். அதில் இருந்த நியாயத்தை அவரே ஒரு கணம் ரசித்தார்.

படிவம் பதினான்கு பக்கம். விலை தனி. வீட்டுக்கு வந்து மேசைமேல் விரித்து, மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். மாத வருமானம், வாடகை, விளக்கு, தண்ணீர், மருந்து எல்லாம் பெரியக்காவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கால் மணி நேரத்தில் ஆறு பக்கம் முடிந்தது. ஏழாம் பக்கத்தில் கை நின்றது. 'எதிர்பாராத செலவுகள்: வரும் ஆண்டுக்கு, தேதி வாரியாகக் குறிப்பிடவும்.'

எதிர்பாராத செலவு எந்தத் தேதியில் வரும் என்று தெரிந்தால் அது எதிர்பார்த்த செலவு ஆகிவிடாதா என்று மகள் கேட்டாள். மறுநாள் அதே கேள்வியைப் பெரியக்கா எழுத்தரிடம் கொண்டுபோனாள். உத்தேசமாகப் போட்டால் போதும், ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், அன்று அலுவலகம் விடுமுறை என்றார் அவர். ஆகவே ஒரு செவ்வாய்க்கிழமை மகளுக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக் குழாய் உடைந்தது. கணவர் தன் பங்குக்கு, வருடக் கடைசியில் ஒரு புதன்கிழமை வழுக்கி விழுவதாக ஒப்புக்கொண்டார்.

ஒன்பதாம் பக்கம்தான் முக்கியம் என்று எழுத்தர் பேனாவால் தட்டிக் காட்டியிருந்தார். 'குடும்பம் திரட்டக்கூடிய மொத்தத் தொகை. ஒன்றையும் மறைக்காமல் எழுதவும். நேர்மையே சேமிப்பின் முதற்படி.' பெரியக்கா மறைக்கவில்லை. பத்தொன்பது வருடம் கணக்கில் கை வைக்காதவள், கல்லூரிக்கா பொய் எழுதப்போகிறாள்? சேமிப்பு 62,350. கணவர் விழுந்ததற்குக் கிடைத்த இழப்பீடு 1,10,000. தையல் மெஷினை விற்றால் 9,000. நாத்தனார் கொடுப்பதாகச் சொன்னது 25,000. அவசரத்துக்கு டப்பாவில் போட்டு வைத்தது 6,600.

திட்டம் கொடுப்பதற்கு முன்னால் பயிலரங்கம் கட்டாயம். தலைக்கு எண்ணூறு, தாய் தகப்பன் இருவரும் வர வேண்டும். பயிலரங்கின் பெயர் 'செலவைச் சிரிப்போடு சந்திப்போம்.' ஐந்தாம் நாள் காலையில், மெத்தை போட்ட நாற்காலிகள் நிறைந்த அரங்கில் இயக்குநர் மேடையேறினார். கடிதத்தின் பின்பக்கத்தில் இருந்த அதே சிரிப்பு.

"பணம் இல்லைன்னு சில பேர் சொல்றீங்க," என்று தொடங்கினார். "இல்லைங்கிறது ஒரு மனநிலை. பத்து வருஷத்துக்கு முன்னாடி இந்த மையத்துல ரெண்டே பேரு, ஒரே மேசை. பெத்தவங்க வருவாங்க, கட்டணம் எவ்வளவுன்னு கேப்பாங்க, நாங்க சொல்லுவோம், கட்டிட்டுப் போயிடுவாங்க. அதுல என்ன உறவு இருக்கு? இன்னைக்கு நாப்பத்தாறு பேரு உங்களுக்காக உக்காந்திருக்கோம். எங்க ஆலோசனையால போன வருஷம் ஒவ்வொரு குடும்பமும் சராசரியா மூவாயிரத்து நூறு மிச்சம் பிடிச்சிருக்கு. அதுக்கு நாங்க வாங்குன ஆலோசனைக் கட்டணம் வெறும் நாலாயிரம்."

அரங்கம் கை தட்டியது. பெரியக்காவின் கையும் பாதி தட்டிவிட்டு, கழித்துப் பார்த்துவிட்டு நின்றுகொண்டது.

பிறகு நீரூற்றைப் பற்றிச் சொன்னார். அதற்கு ஒரு வரவுசெலவுத் திட்டமும் போடவில்லையாம். திட்டம் போட்டிருந்தால் கட்டியிருக்கவே முடியாது என்று சொல்லி அவரே முதலில் சிரித்தார். சில விஷயங்களுக்குத் துணிச்சல் வேண்டும், திட்டம் உங்களுக்குத்தான் வேண்டும் என்று முடித்தார்.

ஏழாம் நாள் தனி ஆலோசனை. ஆலோசகர் சின்ன வயதுப் பெண். மேசைமேல் கண்ணாடி ஜாடியில் சில்லறைக் காசுகள் அழகுக்கு வைக்கப்பட்டிருந்தன. பெரியக்காவின் திட்டத்தைப் பொறுமையாகப் புரட்டி, சிவப்பு மையில் எழுதிக்கொண்டே வந்தார். மகள் கல்லூரிக்கு நடந்தே வரலாம். ஒன்பது கிலோமீட்டர், உடம்புக்கு நல்லது. அப்படி நடந்தால் செருப்பு தேயுமே என்று பெரியக்கா சொன்னதும் அந்த வரியையும் பார்த்து, 'செருப்பு: தவிர்க்கலாம்' என்று எழுதினார். ஆஸ்பத்திரியில் நோயாளிகள் மிச்சம் வைக்கிற சாப்பாடு என்னவாகிறது என்று விசாரித்தார். அதைத் தனிப்பையில் கட்டி எரிக்கிறார்கள், தொற்று பரவும் என்று பெரியக்கா விளக்கினாள். 'வாய்ப்பு வீணாகிறது' என்று குறிப்பில் ஏறியது.

கடைசியாகக் கணவரைப் பார்த்தார். "சாரோட இடது கைய இந்தத் திட்டத்துல எங்கயுமே காட்டலையே. அது பயன்படுத்தப்படாத வளம்."

கணவர் அந்தக் கையைப் பார்த்தார். "ஆமாம்மா," என்றார் மெதுவாக. "ரெண்டு வருஷமா சும்மாதான் இருக்கு. அதுக்கிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க."

ஆலோசகர் அதையும் எழுதிக்கொண்டார்.

அதன்பின் திட்டம் திரும்பி வரத் தொடங்கியது. முதல் தடவை, மகிழ்ச்சிச் செலவு என்ற வரி காலியாக இருப்பதால். மகிழ்ச்சிக்கு ஒன்றுமே செலவழிக்காத குடும்பம் எதையோ ஒளிக்கிறது என்று குறிப்பு சொன்னது. வீட்டில் யோசித்து, மாதம் ஒரு சினிமா என்று வருடத்துக்கு 2,400 போட்டார்கள். மூன்று பேரும் கடைசியாக எப்போது சினிமாவுக்குப் போனோம் என்று நினைவுபடுத்திப் பார்த்தார்கள். படத்தின் பெயர்கூட வரவில்லை. இரண்டாம் தடவை, மாத முடிவில் நூற்றைம்பது மிச்சம் காட்டியதால். மிச்சம் பிடிக்கும் குடும்பம் இன்னும் முயலலாம். மூன்றாம் தடவை வரவும் செலவும் சரியாகப் பொருந்தியதால். இது இயற்கையாக இல்லை. ஒவ்வொரு தடவையும் மறுதாக்கல் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. நான்காம் தடவை பெரியக்கா மாதம் ஏழு ரூபாய் குறைவதுபோல் எழுதினாள். ஒப்புதல் முத்திரை விழுந்தது. இதுதான் உயிருள்ள திட்டம் என்று ஆலோசகர் பாராட்டினார்.

பதினான்காம் நாள் கட்டணக் கடிதம் வந்தது. அன்று மாலை பெரியக்கா வேலையிலிருந்து திரும்பியபோது மகளும் தகப்பனும் அதை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எடுத்துப் பார்த்தாள்.

கல்விக் கட்டணம் 62,350. ஆய்வகக் கட்டணம் 1,10,000. நூலகக் கட்டணம் 9,000. விளையாட்டு மேம்பாடு 25,000. மாணவர் மகிழ்ச்சி நிதி 2,400. அவசர நிதி 6,600. மொத்தம் 2,15,350.

"அம்மா, நூலகத்துக்கு நம்ம தையல் மெஷின்," என்றாள் மகள். "விளையாட்டுக்கு அத்தை." நான் போகவில்லை, கடையில் வேலை பார்க்கிறேன் என்று ஆரம்பித்தாள். முழுப் பள்ளிக்கூடத்திலும் வேதியியலில் முதல் மதிப்பெண் வாங்கியவள். பெரியக்கா அவளை வாயை மூடச் சொன்னாள்.

அவளுக்குக் கோபம் பணத்தினால் மட்டும் வரவில்லை. தன் வீட்டைத் தானே திறந்து காட்டி, பானையை எடுத்துக் கையில் கொடுத்து, அடியில் எவ்வளவு இருக்கிறது என்றும் வாயால் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம் என்பதுதான் அவளை வதைத்தது. ஒரு சமையல்கட்டை நடத்துகிறவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

மறுநாள் கணவரோடு இயக்குநரைப் பார்க்கக் காத்திருந்த இடத்தில் ஒரு டாக்சி ஓட்டுநர் உட்கார்ந்திருந்தார். அவர் மகனுக்கும் அதே வேதியியல்தான். காரை விற்றால் கிடைக்கும் என்று நான்கு லட்சம் எழுதியிருந்தார். அவருடைய கடிதத்தில் ஆய்வகக் கட்டணம் நான்கு லட்சம்.

இயக்குநர் அன்போடு உட்காரச் சொன்னார். பெரியக்கா திட்டத்தின் ஒன்பதாம் பக்கத்தையும் கட்டணக் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். மறுப்பார், குறைந்தபட்சம் கொஞ்சம் சங்கடப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் மகிழ்ந்துபோனார்.

"கரெக்டா பிடிச்சிட்டீங்க. கட்டணம்னு தனியா ஒண்ணு எங்ககிட்ட கிடையாதும்மா. அது பழைய காலம். எல்லாருக்கும் ஒரே சட்டையா பொருந்தும்? அளவெடுத்துத் தைக்கிறதுதான் மரியாதை."

"அளவெடுத்துத் தைக்கலாம் சார். நீங்க தோல உரிச்சில்ல தைக்கிறீங்க."

இயக்குநர் வாய்விட்டுச் சிரித்தார். எளிய மக்களின் பேச்சில்தான் உயிர் இருக்கிறது என்றார். பிறகு வேறொரு விஷயத்துக்கு வந்தார். பத்து வருடத்தில் இவ்வளவு துல்லியமான திட்டம் மையத்துக்கு வந்ததில்லையாம். நாளைக்கு இரண்டாம் பட்டியல் பெற்றோருக்குப் பயிலரங்கம். அதில் முன்மாதிரிப் பெற்றோராகப் பெரியக்கா பேச வேண்டும். பேசினால் அவசர நிதி 6,600-ஐ இரண்டு தவணையாகக் கட்ட அனுமதிப்பார்கள். எப்படிப் பேச வேண்டும் என்று ஒரு தாளும் கொடுத்தார். 'இந்த மையம் என் கண்ணைத் திறந்தது' என்று தொடங்கியது.

பெரியக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி என்றாள். வெளியே வந்ததும் கணவர் அவளை வினோதமாகப் பார்த்தார்.

"அவங்களே மைக்க கையில குடுக்குறாங்க," என்றாள் அவள். "வேணாம்னு சொல்ற ஆளா நான்?"

மறுநாள் அரங்கில் நானூறு பேர். நானூறு பேரைச் சமாளிப்பது பெரியக்காவுக்குப் புதிதல்ல. இவர்கள் படுத்திருக்கவில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம். தாளில் இருந்த முதல் வரியை வாசித்தாள். அது உண்மைதானே. தாளை மடித்துவிட்டு, ஒரு கையில் திட்டத்தையும் மறு கையில் கடிதத்தையும் எடுத்துக்கொண்டாள். இதில் ஒரு வரி, அதில் ஒரு வரி என்று வாசித்தாள். விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. எங்க சேமிப்பு 62,350, கல்விக் கட்டணம் 62,350. வீட்டுக்காரர் கை ஒடஞ்சதுக்குக் கிடைச்சது 1,10,000, ஆய்வகக் கட்டணம் 1,10,000. தையல் மெஷினுக்கு வந்தபோது ஆலோசகர் ஓடிப்போய் மைக்கை நிறுத்தினார். கொதிக்கிற அண்டாக்களுக்கு மேலே பத்தொன்பது வருடம் கூப்பிட்டுப் பழகிய தொண்டைக்கு மைக் எதற்கு? நாத்தனாரின் 25,000 கடைசி வரிசை வரைக்கும் தெளிவாகக் கேட்டது.

அவள் முடித்தாள். நடுவில் ஒருவர் எழுந்து, "அக்கா, அது எத்தனையாவது பக்கம்?" என்று கேட்டார்.

"ஒம்பது."

அரங்கில் இருந்த அத்தனை படிவங்களும் ஒரே நேரத்தில் புரண்டன.

அன்று மாலை வரை கவுன்ட்டரில் திருத்தத்துக்கு வரிசை. ஏற்கெனவே ஒப்புதல் வாங்கிய முதல் பட்டியல்காரர்களும் சேதி கேட்டு ஓடி வந்தார்கள். டாக்சி ஓட்டுநர் முதல் ஆள். எழுத்தர் ஒவ்வொருவரிடமும் திருத்தக் கட்டணம் வாங்கி ரசீது கிழித்தார். ஒரே நாளில் இவ்வளவு வசூல் மையத்தின் சரித்திரத்திலேயே இல்லை என்று இயக்குநர் கீழே இறங்கி வந்து எல்லாருக்கும் கை கொடுத்தார். பெரியக்காவின் பேச்சு கொஞ்சம் திசை மாறினாலும் விளைவு சிறப்பு என்று பாராட்டினார்.

திருத்திய படிவங்களை மறுநாள் கணினியில் ஏற்றினார்கள். எல்லா ஒன்பதாம் பக்கங்களிலும், மகிழ்ச்சிச் செலவு வரியிலும் பூஜ்யம். ஒரு பெரியவர் மட்டும், பொய் எழுத மனமில்லாமல், திரட்டக்கூடியது 'ஒரு குடை' என்று எழுதியிருந்தார். கணினி பத்து வருடமாகச் செய்துவந்த வேலையை அன்றும் மனம் கோணாமல் செய்தது. அத்தனை கட்டணக் கடிதங்களிலும் மொத்தம் பூஜ்யம் என்று அச்சாகி, ஆலோசகரின் கையெழுத்தோடு தபாலில் போய்விட்டது. பெரியவருக்குப் போன கடிதத்தில், 'நூலகக் கட்டணம்: ஒரு குடை.'

மையத்துக்கு விஷயம் உறைக்க இரண்டு நாள் ஆனது. கல்லூரி நிர்வாகக் குழு கூடி, திடீர் வறுமையின் காரணங்களை ஆராய ஒரு துணைக்குழு அமைத்தது. ஆசிரியர் சங்கம் சம்பளத்தைப் பற்றிக் கேட்டது. சேர்க்கைக்கான நாள் நீட்டிக்கப்பட்டது. வேறு வழியில்லாமல், இந்த ஒரு வருடம் எல்லாருக்கும் ஒரே கட்டணம் என்று முடிவெடுத்தார்கள். அங்கேதான் சிக்கல். எவ்வளவு என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க எவ்வளவு ஆகும் என்று அந்தக் கட்டடத்தில் யாரும் கணக்குப் பார்த்ததே இல்லை. நாற்பத்தாறு பேரும் மூன்று நாள் உட்கார்ந்தார்கள். நான்காம் நாள் இயக்குநர் ஆஸ்பத்திரிச் சமையல்கட்டுக்கு ஃபோன் போட்டார்.

பெரியக்கா மதியச் சாப்பாட்டை அனுப்பிவிட்டு வந்தாள். இயக்குநரின் அறையில் ஒரு தாளை எடுத்துக்கொண்டு, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள். அறுநூறு. எத்தனை ஆசிரியர்கள் என்று கேட்டாள். இயக்குநர் எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் ஜன்னல் வழியே பார்த்தார். அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்த வேதியியல் ஆசிரியையைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். ஆசிரியைக்கு அந்தக் கட்டடத்துக்குள் வருவது அதுதான் முதல் தடவை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். ஆசிரியர்கள் இருபத்துநான்கு பேர். எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு கண்ணாடிக் குழாய்தான் இருக்கிறது, அதிலும் முனை உடைந்திருக்கிறது. மழை வந்தால் அமிலக் குப்பிகளைப் பிள்ளைகள்தான் நனையாத மூலைக்குத் தூக்கி வைக்கிறார்கள். பெரியக்கா சம்பளம், கண்ணாடிக் குழாய், மருந்துப் பொருள், மின்சாரம், துப்புரவு எல்லாம் எழுதினாள். கூரைக்கு ஒரு தொகை சேர்த்தாள்.

பிறகு இயக்குநரிடம் திரும்பி, "இந்த மையத்துல நாப்பத்தாறு பேரு என்ன சார் வேலை செய்றாங்க?" என்று கேட்டாள்.

இயக்குநர் பதினொரு நிமிடம் பேசினார். பெரியக்கா தாளில் பேனாவை வைத்தபடி கடைசி வரைக்கும் கேட்டாள். ஒன்றும் எழுதவில்லை. கூட்டி, அறுநூற்றால் வகுத்து, தாளை அவர் பக்கம் நகர்த்தினாள். முப்பத்து மூவாயிரத்து நானூறு.

வேதியியல் ஆசிரியை அந்த எண்ணைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்கள் சம்பளத்தை ஒருவர் கணக்கில் எழுதிப் பார்த்தது இதுதான் முதல் தடவை என்றார்.

அடுத்த வாரம் கல்லூரி வாசலில் பலகை வைத்தார்கள். பத்து வருடத்தில் முதல் தடவையாக அதில் ஓர் எண் இருந்தது. நிதித் திட்டமிடல் வழிகாட்டு மையத்தின் ஆழ்ந்த ஆராய்ச்சியின் பயனாக இக்கட்டணம் கண்டறியப்பட்டது என்று மேலே எழுதியிருந்தது. பக்கத்தில் இயக்குநரின் புகைப்படம். பெரியக்கா மகளோடு வரிசையில் நின்று கவுன்ட்டரை அடைந்தபோது, எழுத்தர் முப்பத்து மூவாயிரத்து நானூற்றை எண்ணி வாங்கிக்கொண்டு, இன்னும் ஆயிரத்து இருநூறு கேட்டார். எதற்கு என்று மகள் கேட்டாள். பலகையின் அடிப்பகுதியைப் பேனாவால் காட்டினார். சின்ன எழுத்தில் ஒரு வரி: 'கட்டண அறிவிப்புக் கட்டணம்.'

"எவ்வளவுன்னு சொல்லச் சொன்னீங்கல்ல," என்றார் எழுத்தர். "சொல்லிட்டோம்."

மகளின் முகம் சிவந்தது. பெரியக்கா அவள் தோளில் கை வைத்து அழுத்திவிட்டு, பையிலிருந்து ஆயிரத்து இருநூற்றை எடுத்துக் கவுன்ட்டரில் வைத்தாள். ரசீதை வாங்கி மடித்து மகளின் கையில் கொடுத்தாள். வெளியே வந்து, தகரக் கொட்டகை வரைக்கும் அவளோடு நடந்தாள். உள்ளே ஆசிரியை கண்ணாடிக் குழாய்களை எண்ணிக்கொண்டிருந்தார். புதிதாக வந்த பெட்டி ஒன்று பிரித்துக் கிடந்தது.

"போ. நல்லா படி," என்றாள் பெரியக்கா. "எவ்வளவு வேணா படி. படிச்சு முடிச்சுட்டு அந்தக் கண்ணாடிக் கட்டடத்துல மட்டும் வேலைக்குப் போயிடாத."